ஐந்தாம் புரவி

எல்லையில்லாப் பெருவெளியாய் இருந்தும் நம்பொருட்டு ஓர் ஊரின் எல்லையில் வந்து அமர்ந்து, மழையையும் வெயிலையும் தன் மேனியில் வாங்கிக்கொண்டு, கேட்பவர்க்கும் கேளாதவர்க்கும் ஒரே காவலாய் விழித்திருக்கும் ஐயனின் திருவடிகளை முதலில் தொழுகிறோம். அவன் ஏறினால் மண்ணும் புரவியாகும், அவன் நோக்கினால் கல்லுக்கும் கண் வரும். அவன் அருள் முன்னே நிற்க, மனிதரின் பெயர்கள் பின்னே வரட்டும்.

செம்பாறை மலையின் அடிவாரத்தில், அம்மலையின் ஊற்றுகளால் பிழைக்கும் ஏழூற்று என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் பஞ்சவர்ணம் என்பவளுக்கு நிலம் இரண்டு இடங்களில் வாய்த்திருந்தது: கீழே ஊரையொட்டி ஒன்றரை ஏக்கர் கடலைக்காடு, மேலே மலையின் தோளில் அறுபது எலுமிச்சை மரங்கள் நிற்கும் தோட்டம். இரண்டுக்கும் நடுவே நான்கு மைல் மலைப்பாதை. பாதை என்பதும் மரியாதைக்குச் சொல்வது, பாறைப்படியும் ஓடைக்கல்லும் வேரும் சரளையும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் வழி அது. அவள் கணவன் சேவுகன் பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து தேறியவன். சமதளத்தில் கோலூன்றி நடப்பான், சரிவில் இறங்க அவனால் ஆகாது. ஆகவே காட்டுப்பன்றியிடமிருந்து தோட்டத்தைக் காக்க அவன் மேலே குடிசையிலும், கடலையையும் ஆடுகளையும் பார்க்க அவள் கீழே வீட்டிலுமாக, ஒரு குடும்பம் இரண்டு அடுப்பு மூட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றாய் அமர்ந்து உண்டு வந்தது.

அந்த நிலையை மாற்றியது ஒரு மோட்டார் சைக்கிள். உயரமான வண்டி, பெரிய முன்சக்கரம், கட்டை கட்டையாய்ப் பல் வைத்த டயர், ஓடைநீர் புகாதபடி மேலே தூக்கிக் கட்டிய சைலன்சர், பள்ளத்தில் இறங்கினால் முழங்கால்போல் மடங்கி நிமிரும் நீண்ட ஸ்பிரிங். பஞ்சவர்ணம் அதன் பின்புறம் இருபக்கமும் இரும்புக் குழாயில் கேரியர் பற்றவைத்தாள். விடிந்ததும் அது மருந்து தெளிக்கும் டாங்கியைச் சுமந்து வரப்போரம் ஓடும்; பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி வாரை மாட்டினால் கடலை உடைக்கும் எந்திரத்தைச் சுழற்றும்; உச்சிப்பொழுதுக்குள் மலையேறி நான்கு பெட்டி எலுமிச்சையோடு இறங்கி வரும்; இறங்கும்போது சேவுகன் விரும்பினால் அவனும் பின்னால் இருப்பான், மறுநாள் மேலே போய்விடுவான். எட்டு வருடத்தில் அது ஒருநாளும் அவளைப் பாதிவழியில் நிறுத்தியதில்லை. இரண்டு நிலத்தையும் ஒரே நிலமாக, இரண்டு அடுப்பையும் ஒரே அடுப்பாக அந்த வண்டி கட்டி வைத்திருந்தது. அவளிடம் வேறு சொத்து என்று எதுவும் இல்லை, அவளுக்கு வேண்டியதும் இல்லை.

மாசி மாதத்தில் ஊரின் புரவியெடுப்பு வந்தது. ஊர்த்தலைவர் ஆண்டியப்ப அம்பலம் முறைப்படி ஐந்து பிடி மண் எடுத்துக் கொடுக்க, குயவரும் கோயில் பூசாரியுமான குழந்தைவேல் வேளார் ஐந்து மண்குதிரைகளைச் செய்து சுட்டு வண்ணம் தீட்டி, விழாநாள் காலையில் கோயில் முன்னே வரிசையாய் நிறுத்தி வெள்ளைத்துணியால் போர்த்தினார். அடுத்து நடக்க வேண்டியது கண்திறப்பு: வேளார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, போர்வைக்குள் கையை நுழைத்து, மையால் ஒவ்வொரு குதிரைக்கும் கருவிழி இடுவார். கடைசிக் கண் திறந்து சங்கு ஊதும்வரை கூடியிருப்போர் எவரும் வாய் திறக்கலாகாது. ஒரு சொல் விழுந்தாலும் ஐந்து குதிரைகளையும் உடைத்து மறுபடி மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

பஞ்சவர்ணம் அன்று பானகத்துக்கு எலுமிச்சை கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெயிலில் சீட்டு சுடாதிருக்க, மிச்சமிருந்த வெள்ளைத்துணியை வண்டியின்மேல் போட்டுப் போயிருந்தாள். வண்டி வரிசையின் மேற்குக் கடைசியில் நின்றது. வேளாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவர் மேற்கிலிருந்து தொடங்கினார். முதல் போர்வைக்குள் அவர் கை நுழைந்தபோது ஊரே பார்த்தது, ஊரே வாயைப் பொத்தியது. அம்பலம் கையைக் காற்றில் ஆட்டினார். புரைவிழுந்த கண்ணுக்கு அது ஆசீர்வாதமாகத் தெரிந்திருக்க வேண்டும், வேளார் தலைவணங்கி ஏற்றுக்கொண்டார். வட்டமாய்க் குளிர்ந்திருந்த ஒரே கண்ணாடியைத் தடவி, மறுகண் அகப்படாமையால், இரண்டு கருவிழிகளையும் அந்த முன்விளக்கிலேயே இட்டார். பிறகு நான்கு குதிரைகளுக்குக் கண் திறந்தார். ஐந்து முடிந்தது என்று சங்கை எடுத்து ஊதினார். கிழக்குக் கடைசிக் குதிரை கண் திறவாமல் நின்றது.

சங்கொலி அடங்கியதும் நூறு வாய்கள் ஒன்றாய்த் திறந்தன.

"யோவ் வேளாரே! வண்டிக்குத் தொறந்துட்டீரேய்யா!" என்று கத்தினார் அம்பலம்.

வேளார் வாய்க்கட்டை அவிழ்த்தார். "கை புரவின்னுதான் சொல்லுச்சு அம்பலம். முதுகு இருந்துச்சு, கழுத்து இருந்துச்சு, நெத்தி சில்லுன்னு இருந்துச்சு. வேற என்ன வேணும்?"

பஞ்சவர்ணம் துணியை எடுத்தாள். வண்டி அவளைப் பார்த்தது.

அன்றுமுதல் அதற்குக் கண் தெரிந்தது. ஒரு கருவிழி கடலைக்காட்டின் பக்கமும் ஒன்று மலையின் பக்கமும் சற்றே விலகி நிற்க, இரண்டையும் ஒன்றாய்க் குவித்து அது முன்னே நோக்கும்போது, எதிரில் இருப்பவர் தம்மையறியாமல் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். கோழிக்குஞ்சு குறுக்கே ஓடினால் அவள் பிரேக்கை மிதிக்குமுன் அதுவே நின்றது; சருகுக்குள் கிடந்த பாம்பை அவள் காணுமுன் அதுவே விலகியது. முன்பு அழுக்குத்துணியால் விளக்கைத் துடைத்தவள் இப்போது ஈரப்பஞ்சால், சிறுபிள்ளையின் கண்ணில் பீளை எடுப்பதுபோல், ஒற்றி ஒற்றித் துடைத்தாள். உச்சிவெயிலில் அது கண் செருகி உறங்கும். சாவிக்கொத்து குலுங்கினால் விழிக்கும்.

ஊர் இதை இரண்டே நாளில் பழகிக்கொண்டது. அம்பலத்தின் மனைவி வந்து மட்கார்டில் திருஷ்டிப்பொட்டு வைத்தாள். டீக்கடையில் சீட்டாடுகிறவர்கள், வண்டி எதிரில் நின்றால், சீட்டை மறைத்துப் பிடித்தார்கள். பள்ளி வாத்தியார் வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டி, நிறத்துக்குக் கட்டம் இருக்கிறது, எந்திர எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது, கண்ணுக்கென்று கட்டம் ஏதுமில்லை, ஆகவே சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று அறிவித்தார். வரப்புக்கல்லை நகர்த்தியது யார் என்று மூன்று தலைமுறையாய் வாய்ச்சண்டை போட்ட அண்ணன் தம்பி வீட்டார், வண்டியை அழைத்துப்போய்க் காட்ட, அது வயல் முழுவதும் நிதானமாய்ப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் போய் நின்றது. அங்கே தோண்டினார்கள், பழைய கல்லின் அடி இருந்தது. புதுமாப்பிள்ளைகள் அதன்முன் பெண்ணோடு விழுந்து கும்பிட்டார்கள். இவ்வளவிலும் பஞ்சவர்ணத்துக்கு ஒரு வேலையும் குறையவில்லை, வண்டிக்கும் குறையவில்லை. எலுமிச்சை இறங்கியது, கடலை உடைந்தது, சேவுகன் வந்து உண்டு போனான்.

ஒரு மண்டலம் கழிந்தபின் அம்பலம் ஊர்க்கூட்டம் போட்டார். வண்டியின்மேல் அவருக்குப் பகையில்லை. கோயிலில் நான்கு குதிரைகள் கண்ணோடும் ஒன்று குருடாயும் நிற்பதை ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து, சாமிக்கு ஊர் ஒரு குறை வைத்துவிட்டது என்று அவருக்கு உறக்கம் போயிற்று.

"பிடிமண்ணு எத்தனைக்குக் குடுத்தோம்?"

"அஞ்சுக்கு," என்றது கூட்டம்.

"கண்ணு எத்தனைக்குத் தொறந்துச்சு?"

"அஞ்சுக்குத்தான்."

"அப்ப எண்ணிக்கை சரி, நிக்கிற எடந்தான் சரியில்ல. அய்யன் சன்னதியில நிக்க வேண்டியது இவ வாசல்ல நிக்குது."

பஞ்சவர்ணம் எழுந்தாள். "மாமா, அது எட்டு வருசமா என் வாசல்லதான் நிக்குது. கண்ணு தொறந்துக்கிச்சுன்னு வீட்டவிட்டு அனுப்புறதா இருந்தா, இந்த ஊர்ல எத்தன ஆம்பளைக அந்தப் பயமே இல்லாம நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சுப் பாருங்க."

கூட்டம் சிரித்து முடிக்கும்வரை அம்பலம் காத்திருந்தார். "பேச்சுக்கு ஒன்ன அடிச்சுக்க ஆளில்ல ஆத்தா. ஆனா, கண்ணு தொறந்த புரவியில சாமி ஏறும். சாமி ஏறுன முதுகுல மனுசன் ஏறக்கூடாது. இது நான் வச்ச மொறையா?"

"அய்யன் ரோந்து போறது பொழுது சாஞ்சப்புறந்தான? பகல்ல எனக்கு, ராவுல அவருக்கு. ரெண்டு ஷிப்ட்டா வச்சுக்குவோம். மில்லுல ஓடலையா?"

"சாமிக்கு ஷிப்ட்டு போடுறியாக்கும்! வேளாரே, நீரு சொல்லும்."

வேளார் தலையைச் சொறிந்தார். "கண்ணத் தொறக்கத்தான் எனக்குத் தெரியும் அம்பலம். மூடுறதுக்கு எங்கப்பன் சொல்லிக் குடுக்கல."

சபை கோயிலின் பக்கம் முடிவு சொன்னது. எலுமிச்சையை இறக்க ஊரே ஆள் அனுப்பும் என்றும் சொன்னது, சொல்லும்போது மெய்யாகவே சொன்னது. பஞ்சவர்ணம் அழவில்லை, "நானே ஓட்டிட்டு வந்து விடுறேன். நீங்க தள்ளிட்டுப் போனா அதுக்குத்தான் கௌரவக் கொறச்சல்," என்று மட்டும் சொல்லி, மறுநாள் காலையில் வண்டியைக் குளிப்பாட்டி, ஐயனின் சன்னதியில் ஐந்தாம் இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து திரும்பினாள். குருட்டுக் குதிரையைப் புளியமரத்தடிக்கு மாற்றினார்கள்.

ஊரின் ஆட்கள் ஒரு வாரம் மலையேறினார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் ஏறினார். அப்புறம் பஞ்சவர்ணம் ஒருத்தியே ஏறினாள். தலையில் ஒரு கூடைதான் கொள்ளும். சந்தையில் எலுமிச்சைக்கு மவுசு ஏறும் கோடையில், அறுபது மரத்தின் காய்களும் மஞ்சளித்து உதிர்ந்து தரையில் மெத்தையாய்க் கிடந்தன. சேவுகன் பழைய கஞ்சியில் உப்பைக் கரைத்துக் குடித்துக்கொண்டே சொன்னான்:

"தோட்டத்த விட்டுருவம் புள்ள. நாலு பேரு கட்டில்ல வச்சுத் தூக்குனா நான் கீழ வந்து கெடந்துக்கிறேன். நீ இப்படி முட்டி தேய நடக்கிறத என்னால பாக்க முடியல."

"பாக்காதீங்க. திரும்பி உக்காந்து குடிங்க," என்றாள் அவள். "வண்டி அய்யன்கிட்ட இருக்கு, களவு போகல. அவருக்கு வேல தெரியும். கொஞ்சம் பொறுங்க."

கோயிலில் வண்டிக்கு உபசாரம் குறைவில்லாமல் நடந்தது. பாலும் தேனும் சந்தனமும் அபிஷேகமாயின. சந்தனம் செயினில் இறங்கிக் காய்ந்து கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் பஞ்சவர்ணம் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டுவந்து, மண்டபத்தில் சம்மணமிட்டு, ஒவ்வொரு கண்ணியாய்ச் சுரண்டி எண்ணெய் விட்டாள். அம்பலம் எதிரில் உட்கார்ந்து கண்காணித்தார்.

"எஞ்சின் ஓடலைன்னா கெட்டுப்போகும் மாமா. நின்னுக்கிட்டே கிக்கர ஒதைச்சா ஏறுறதுல சேருமா?"

அம்பலம் அவள் காலையும் கிக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு காலு தரையில இருந்தா சேராது."

அவ்வாறே ஒரு காலைத் தரையில் ஊன்றி அவள் உதைக்க, வண்டி முதல் உதையிலேயே பேசியது.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் முற்பகல், கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் தன் வண்டியின் ஹாரனைக் கேட்டாள். அதைத் தொட யாரும் இல்லாத நேரம். கோயிலில் இருந்த வேளாரும் மணியைத் துலக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கருவிழிகளும் ஒருசேர மலையை நோக்கித் திரும்பியிருக்க, முன்விளக்கு பகலில் எரிய, நிறுத்தாமல் அது கூவியது. அதன் பார்வை போன திக்கில் ஊர் பார்த்தது. மலையின் மேற்குக் கழுத்தில், சேவுகன் குடிசைக்குச் சற்றே அப்பால், புகை எழுந்துகொண்டிருந்தது.

ஆண்கள் அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சிலர் தத்தம் வண்டிகளைக் கிளப்பி, முதல் பாறைப்படியிலேயே அடிவயிறு முட்டி, வண்டியைப் போட்டுவிட்டு நடந்தார்கள். பஞ்சவர்ணம் கோயிலுக்கு ஓடிவந்தாள். ஐயன்முன் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தாள், எழுந்தாள், மாலைகளைக் கழற்றி அவன் பாதத்தில் வைத்தாள்.

அம்பலம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஏத்தா, ஏறாத! ஏறிறாத!"

"ஒரு காலு தரையிலதான் மாமா இருக்கு," என்றாள் அவள், அடுத்த நொடி அந்தக் காலையும் எடுத்துவிட்டாள்.

எட்டு வருடமாய் அவள் அறிந்த வழி அது. பாறைப்படியில் எழுந்து நின்று ஓட்டினாள், சரளையில் பின்னே சாய்ந்தாள், ஓடையில் வேகம் குறையாமல் இறங்கி நீரை இருபுறமும் பிளந்தாள். மேலே சேவுகன் ஒற்றைக்கோலில் நின்றபடி பச்சைக்கிளையால் புல்தீயை அடித்துக்கொண்டிருந்தான். தோட்டத்தின் விளிம்பில் இரண்டு மரங்கள் பற்றிவிட்டிருந்தன.

"ஏறுங்க!"

"நான் ஏறுனா தோட்டம் போயிரும். தோட்டத்துக்குப் பின்னாடி ஊத்துக்கண்ணு அம்புட்டும் போயிரும்," என்றான் சேவுகன். "தீயக் கோயில்காட்டு ஓரத்துலதான் மறிக்கணும். அகலமா வெட்டி மண்ணு தெரிய ஒரு பட்ட போட்டாத்தான் நிக்கும். ஆளுக வந்துருவாக, ஆனா எவன் வெட்டுவான்? மொத வெட்டு அம்பலம் வெட்டணும்ல?"

மெய்தான். தோட்டத்தை ஒட்டி ஐயனுக்கென்று விட்டிருந்த அந்தக் காட்டில் ஊர்த்தலைவர் முதல் வெட்டு வெட்டாமல் எவரும் ஒரு கொப்பையும் ஒடிப்பதில்லை. அவள் மறுபடி இறங்கினாள். வழியில் ஏறிவந்த நாற்பது பேரையும் கோயில்காட்டு ஓரத்துக்குப் போகச்சொல்லிவிட்டு, சன்னதி முன்னே வந்து நின்றாள். அம்பலம் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது, கனத்த உடம்பு.

"மாமா, மொத வெட்டுக்கு நீங்க வரணும்."

"எப்பிடித்தா வருவேன்? இந்தக் கால வச்சுக்கிட்டு ஏறுனா பொழுது சாஞ்சிரும்."

"வண்டி இருக்கு."

அவர் வண்டியைப் பார்த்தார். வண்டி அவரைப் பார்த்தது.

"கண்ணு தொறந்த புரவி..." என்று தொடங்கினார்.

"நடந்துதான் வருவீகன்னா வாங்க. நீங்க வர்ற வரைக்கும் தீய அங்கயே உக்காரச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அம்பலம் ஐயனைத் திரும்பிப் பார்த்தார், புகையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார், தோள்துண்டை இடுப்பில் கட்டினார், சன்னதியில் இருந்த அரிவாளை இரு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் எந்த முறையைக் காத்தாரோ அந்த முறையின்மேல் காலைத் தூக்கிப் போட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் ஒருமுறை முனகித் தாங்கிக்கொண்டது.

"மெதுவா ஆத்தா, மெதுவா!"

"மெதுவாப் போனா இந்தச் சரளையில விழுந்துருவம் மாமா. பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க."

"நான் மூடுனா என்ன, தொறந்தா என்ன, பாக்க வேண்டியது பாக்குதுல்ல!"

ஓடைக்கு மேலே காற்று திரும்பி, புகை பாதையில் இறங்கியது. பஞ்சவர்ணத்தின் கண்ணில் நீர் கொட்டியது; கைப்பிடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஆக்ஸிலேட்டரை மாறாமல் பிடித்து, திருப்புவதை மட்டும் அதனிடம் விட்டு, "நீ பாரு," என்றாள். வண்டி பார்த்தது. எந்தக் கல்லில் ஏறுவது, எந்த வேரை விடுவது, எந்த விளிம்பில் எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று அது கண்டு கண்டு செல்ல, இரண்டு மனிதர்கள் அதன் முதுகில் கண்மூடி இருந்தார்கள். புகையிலிருந்து வெளிப்பட்டபோது எதிரே கோயில்காடு நின்றது; அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது பேர், ஒரு கிளையையும் தொடாமல், கண்ணெதிரே நெருங்கும் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐயனின் புரவியில் அம்பலம் வந்து இறங்குவதைக் கண்டு அவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் வடக்கு நோக்கிக் கும்பிட்டு முதல் வெட்டை வெட்டினார். நாற்பது அரிவாள்களும் ஒன்றாய் இறங்கின.

மாலைக்குள் தீ நின்றது. பதினொரு எலுமிச்சை மரங்கள் கருகின, நாற்பத்தொன்பது நின்றன, ஊற்றுக்கண்கள் தப்பின, சேவுகன் தணலுக்குக் காவலாய் மேலேயே இருந்தான். கீழே இறங்கவும் அம்பலத்துக்கு வேறு வழியில்லை. ஏறியவர் ஏறியே இறங்கினார்.

சன்னதியில் பஞ்சவர்ணம் வண்டியை ஐந்தாம் இடத்திலேயே நிறுத்தி, சாவியை ஐயனின் பாதத்தில் வைத்துவிட்டு, கைகட்டி நின்றாள். புகை நாறும் ஊர் முழுவதும் அம்பலத்தின் முகத்தைப் பார்த்தது. டீக்கடைக்காரர்தான் வாயைத் திறந்தார்: "என்ன அம்பலம், ஏறக்கூடாதுன்னீக?"

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றார் அம்பலம். "ஏறுனதும் நான்தான். எறங்கும்போதும் ஏறித்தான் எறங்குனேன். ஒரு தரம் ஏறுனது ஆபத்துக்குன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், ரெண்டாந்தரம் எம் முழங்காலுக்காக ஏறுனேன். அய்யன் எறக்கிவிடல." அவர் ஐந்தாம் இடத்தைக் கைகாட்டினார். "அய்யன் குதிரைக்கு என்ன வேல? காவலு. இங்க நின்னு பால்ல குளிச்சா அது அலங்காரம், மலையில ஓடுனாத்தான் காவலு. நாம என்ன பண்ணிருக்கோம் தெரியுமா? குதிரையக் கட்டிப் போட்டுட்டு அவர நடக்க விட்டிருக்கோம்."

பஞ்சவர்ணம் தலைகுனிந்தே நின்றாள். "அப்ப கோயில்ல அஞ்சாவது எடம், மாமா? அவருக்குக் கொற வைக்கக்கூடாதுல்ல."

அம்பலம் ஐயனின் பாதத்திலிருந்து சாவியை எடுத்தார்.

"அந்த எடம் காலியாவே இருக்கட்டும். காலியா இருந்தா, அய்யன் ரோந்து போயிருக்காருன்னு அர்த்தம். போ ஆத்தா, அந்த மனுசன் மேல பட்டினியாக் கெடப்பான். சோத்தக் கட்டிக்கிட்டுப் போ."

அவள் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. இன்றைக்கும் ஏழூற்றில் ஐயனைத் தொழப் போகிறவர்கள் நான்கு குதிரைகளுக்குப் பூச்சூட்டி, ஐந்தாம் இடத்தில் வெறுந்தரையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். டயர்த்தடம் புதிதாய்ப் பதிந்திருந்தால் அந்த மண்ணையே திருநீறாய் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கேட்டவர் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். பிரிந்து உண்பவர் ஒன்றாய் உண்ணட்டும். ஏறும் வழியில் காலும் இறங்கும் வழியில் கையும் தளராதிருக்கட்டும். புகை மூடிய நேரத்தில் உங்களுக்காகப் பார்க்கும் கண் ஒன்று முன்னே விழித்திருக்கட்டும். உங்கள் பொருட்டு ஐயன் என்றும் ரோந்திலேயே இருப்பானாக.